கை நனைக்காத சம்பந்தி

"நம்ம வீட்ல இலை போட்டா வயிறு சரியில்லைம்பாங்க. இந்த மாதிரி எடம்னா மட்டும் வயிறு சரியாயிடுமாக்கும்!"

கன்டோன்மென்ட்டில் ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ஆனந்தவள்ளி கணவரின் காதைக் கடித்தாள்.

"மெதுவாப் பேசு. பொண்ணு காதுல விழுந்துடப்போவுது" என்றார் ராசப்பன்.

"விழட்டுமே!"

அவள் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. மகள் சுபஸ்ரீயும் லால்குடிப் பையன் இளவரசனும் ஒரே ஆபீஸ். பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் சொல்லி, பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் பையனின் அம்மா வீரம்மாள் ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு வந்து இதுவரை கை நனைக்கவில்லை.

முதல் தடவை கேசரியும் பஜ்ஜியும் வைத்தபோது விரதம் என்றாள். அடுத்த தடவை தலைவாழை இலை போட்டு வடை பாயசத்தோடு உட்கார வைத்தால், வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டாள். சம்பந்தம் பேச வந்த வீட்டில் கை நனைக்காமல் போனால் அதற்கு என்ன அர்த்தம்? பெண்ணைப் பிடிக்கவில்லை என்றுதானே?

'இன்னைக்கும் அந்தம்மா சாப்பிடலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுடணும்' என்று காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள் ஆனந்தவள்ளி.

"சாப்பிடுவாங்கம்மா. எடம் நான்தான் பாத்து வெச்சிருக்கேன்" என்றாள் சுபஸ்ரீ.

அது புதிதாகத் திறந்திருந்த ஏசியன் ரெஸ்டாரன்ட். கண்ணாடிக் கதவு, காகிதக் கூண்டுகளுக்குள் மங்கலான விளக்கு. மேசையில் தட்டுக்குப் பக்கத்தில் ஆளுக்கு இரண்டு குச்சி.

வீரம்மாள் முன்னமே வந்து, பட்டுப்புடவை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஆனந்தவள்ளி கும்பிட்டாள். வீரம்மாள் கையைக் கூப்பவில்லை. "வாங்க, வாங்க" என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

'ஒரு கும்பிடு போட்டா கொறைஞ்சா போயிடும்?' ஆனந்தவள்ளிக்குச் சுருக்கென்றது.

"இதென்ன மாப்ள, ஊதுபத்திக் குச்சிக்குத் தீனி போட்டு வளத்த மாதிரி இருக்கு? இதை வெச்சா சாப்பிடணும்?" என்று ராசப்பன் குச்சிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழகிடும் மாமா" என்று சிரித்தான் இளவரசன்.

ஆனந்தவள்ளி பரிமாற வந்தவரைக் கூப்பிட்டாள். "தம்பி, எனக்கு ஒரு ஸ்பூன் குடுப்பா."

அவர் ஏனோ சுபஸ்ரீயைப் பார்த்தார். "இதோ மேடம்" என்று போனவர், ஸ்பூனோடு திரும்பி வரவே இல்லை.

மூங்கில் தட்டில் ஆவி பறக்க மோமோ வந்தது. ராசப்பன் பிடித்த மோமோ நழுவி சாஸ் கிண்ணத்தில் விழுந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்புப் பொட்டு.

வீரம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள். இந்தம்மாவுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா?

சிரித்தபடியே குச்சியை எடுத்தாள். பிடித்துப் பார்த்தாள், வரவில்லை. ஒரே குத்தாகக் குத்தி வாயில் போட்டுக்கொண்டாள்.

"அட, நம்ம கொழுக்கட்டைதான்! பூரணத்தை மட்டும் மாத்திட்டான்" என்று அடுத்ததையும் குத்தினாள்.

'அப்போ நம்ம வீட்டுப் பாயசம்தான் எறங்கலையாக்கும்' என்று நினைத்த ஆனந்தவள்ளி, இளவரசனைப் பார்த்தாள். அவன் இடது கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

இடது கைப் பழக்கமோ? இல்லையே, நம்ம வீட்டில் பஜ்ஜியை வலது கையால்தானே எடுத்தான்?

திரும்பினால், சொந்த மகள் சுபஸ்ரீயும் இடது கையில் குச்சியைப் பிடித்திருக்கிறாள்!

"ஏண்டி, நல்ல காரியம் பேசற எடத்துல, பீச்சாங்..."

மேசைக்கடியில் சுபஸ்ரீ அவள் காலை நறுக்கென்று மிதித்தாள்.

அந்த நேரம் பார்த்து வீரம்மாளின் குச்சியிலிருந்து ஒரு மோமோ நழுவியது. பழைய பழக்கத்தில், அதைப் பிடிக்க முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. விரல்கள் மடங்கினது மடங்கினபடியே இருந்தன. ஒன்றுகூட விரியவில்லை.

சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டாள். குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"எடுத்துக்கம்மா" என்றான் இளவரசன், தணிந்த குரலில்.

"போதும்ப்பா. வயிறு சரியில்லை."

ஆனந்தவள்ளிக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. வராத கும்பிடு. தொடாத பஜ்ஜி. வராத ஸ்பூன். நல்ல காரியத்துக்குப் போட்ட இலையில் இடது கையை வைக்க மனசு வராமல், இந்தம்மா பசியோடல்லவா லால்குடி திரும்பியிருக்கிறாள்!

தன் குச்சிகளை மெல்ல இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இந்தச் சனியன் எனக்கு வலது கையில வரவே மாட்டேங்குதுங்க. இதுலயாவது மாட்டுதான்னு பாக்கறேன்."

மோமோவைத் தூக்கினாள். அது போய் ராசப்பனின் தண்ணீர்க் கிளாஸில் தொப்பென்று விழுந்தது.

வீரம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குச்சியைத் திரும்ப எடுத்தாள்.

"புடிக்காதீங்க, சம்பந்தி. குத்துங்க. குத்துனாத்தான் வரும்."

சம்பந்தி! அந்த வாயிலிருந்து இன்றைக்குத்தான் முதன்முதலாக அந்த வார்த்தை வந்தது.

சட்டையைத் துடைத்து முடித்த ராசப்பன் அப்போதுதான் தலையைத் தூக்கினார்.

"அதென்ன, எல்லாரும் சொல்லிவெச்ச மாதிரி எடது கையால..."

மேசைக்கடியில் ஆனந்தவள்ளி அவர் காலை ஓங்கி மிதித்தாள்.