கோட்டையில் ஒரே ஒரு படம்

"ஃபிலிம்ல இன்னும் ஒரே ஒரு படந்தான் இருக்கு. ஜோடியா வந்து நில்லுங்க!" கேமராவும் கையுமாகக் கத்தினான் பிச்சை.

தரங்கம்பாடிக் கோட்டையின் பீரங்கியைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள் வியாகுலமேரி. பெயரில்தான் வியாகுலம். ஆவூரிலிருந்து வேளாங்கண்ணிக்கு வந்து, அப்படியே கோட்டையையும் பார்க்கக் கிளம்பியதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கல்யாணமாகி மூன்றே மாதம். நாளைக்கு அவள் புருஷன் மைக்கேல்சாமி நாகப்பட்டினத்தில் பினாங்குக் கப்பல் ஏறுகிறான். திரும்பிவர வருஷக்கணக்காகும். அதுவரை எடுத்து எடுத்துப் பார்க்க, இரண்டு பேர் மட்டும் நிற்கிற படம் ஒன்று அவளுக்கு வேண்டும்.

காற்றில் பிச்சையின் தொப்பி கடல்பக்கம் ஓடியது. மைக்கேல்சாமி வேட்டியைப் பிடித்துக்கொண்டே கூட்டாளிக்காக அதைத் துரத்தினான். மேரிக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

"ரெடியா?"

"இருப்பா, நானும் வாரேன்." மாமியார் ஜெபமாலையம்மாள் விறுவிறுவென்று வந்து, மகனுக்கு அந்தப் பக்கம் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டாள்.

மேரியின் சிரிப்பு பொசுக்கென்று போய்விட்டது.

"ஒன்னையத்தான் வேளாங்கண்ணியிலயே எடுத்தாச்சே ஆத்தா!" என்றான் மைக்கேல்சாமி.

"எடுத்தா என்ன? பெத்தவ நிக்கக்கூடாதா?"

"சரிங்கம்மா, கொஞ்சம் இங்கிட்டு ஒட்டி நில்லுங்க" என்று பிச்சை கெஞ்சினான்.

"நான் நின்ன எடத்துலயே நிக்கிறேன். நீ எடு!"

க்ளிக்.

கிழவி கெடுத்துட்டாளே! மேரிக்கு அழுகையே வந்துவிட்டது. கப்பல் கிளம்பும்போதுகூட மாமியாரிடம் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கழுவிய படம் ஆவூருக்கு வந்தபோது முதலில் வாங்கிப் பார்த்தவர், அந்தப் பயணத்துக்கு வராமல் ஊரிலேயே தங்கிவிட்ட மாமனார். கோயில் உபதேசியார், மகா கோபக்காரர்.

"பெரியவளும் கூட நிக்கிறா. பரவாயில்ல. சின்னஞ்சிறுசுக தனியா ஜோடி போட்டு எடுத்திருந்தீங்க, இந்நேரம் கிழிச்சு அடுப்புல போட்டிருப்பேன்!"

படத்தை மருமகளிடம் நீட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனார்.

அவர் தலை மறைந்ததும் ஜெபமாலையம்மாள் கத்தரிக்கோலோடு வந்தாள். படத்தை வாங்கி, தான் நின்ற பக்கத்தை மட்டும் நறுக்கென்று வெட்டி எறிந்தாள்.

"அத்தை!"

"கத்தாதடி. இதுக்குத்தான தள்ளி நின்னேன்! இந்தா, ஒன் புருசன பத்திரமா வச்சுக்க. மாமா கேட்டா, கெழவிய எலி தின்னுருச்சுன்னு சொல்லு!"