ஏர் ஃபில்டர் ஜோசியர்

தெப்பக்குளத்துக்கு மேற்கே ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுருளிக்கு, வண்டி ரிப்பேரை விட இன்னொரு வித்தையில்தான் பெயர். பழைய ஏர் ஃபில்டரைச் செய்தித்தாளின் மேல் தட்டி, உதிர்ந்த மண்ணைப் பார்த்து, வண்டி எந்த ஊர்ப் பக்கம் போய் வந்தது என்று சொல்லிவிடுவார். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் திருமங்கலத்தில் சீட்டாடிய இரண்டு பேர் வீட்டில் மாட்டிக்கொண்டது இவர் வாயால்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை சுங்குடிச் சேலை வியாபாரி நாகசுப்பிரமணியன் வந்தான். வண்டி இழுக்கவில்லையாம், ஏர் ஃபில்டர் மாற்ற வேண்டுமாம். அடுத்த வாரம் அவனுக்கு நிச்சயதார்த்தம். பெண் வீட்டு வாசலில் போய்ப் புகை கக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

சுருளி மூன்று ரகம் காட்டினார். ஒன்று கம்பெனி ஃபில்டர், யானை விலை. இன்னொன்று டெல்லிச் சரக்கு, காற்றோடு சேர்த்து மண்ணையும் உள்ளே விடும். மூன்றாவது வெளிக்கம்பெனி. மடிப்பு அதிகம், வண்டி தாராளமாக மூச்சு விடும், விலையும் பாதிதான். சேலையில் சாயம் விட்ட இடத்தைத் தேடுகிற கண்ணோடு நாகசுப்பிரமணியன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டான். லாரியில் நசுங்கிப் போய்விட்டது என்றார் சுருளி. அரை மணி நேரம் யோசித்து அதையே மாட்டச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை அந்த வண்டி திரும்பி வந்தது. நாகசுப்பிரமணியன்தான் ஓட்டி வந்தான். ஆனால் பின் சீட்டில் ஒரு கான்ஸ்டபிள் அவன் சட்டையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முன்னால், அதே மாடலில் இருந்த தன் சொந்த மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார் சப்-இன்ஸ்பெக்டர் ராஜபாண்டி.

ராஜபாண்டி டி. கல்லுப்பட்டியில் ஒரு வருடம் இருந்துவிட்டு, மூன்று மாதத்துக்கு முன்புதான் இந்தப் பக்கம் மாற்றலாகி வந்தவர். வந்த நாளிலிருந்து திருவாதவூர்ப் பக்கம் ஓர் ஆட்டுத் திருடனைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். அலைந்த அலைச்சலில் அவர் வண்டியே திணறிப் போய், திங்கட்கிழமை சுருளியிடம்தான் சர்வீஸுக்கு விட்டார். காக்கிச் சட்டையிடம் சுருளி காசு கேட்பதில்லை. கேட்டால் கிடைக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதும் இல்லை.

விஷயம் இதுதான். புதன்கிழமை மத்தியானம் திருவாதவூருக்குப் போகும் வழியில், கல் உடைக்கும் கிரஷருக்குப் பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு கிடாக்களை எவனோ சிவப்பு மோட்டார் சைக்கிளில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். நாகசுப்பிரமணியன் வண்டியும் சிவப்பு. அந்த நேரம் கடையில் தனியாக இருந்தேன் என்கிறான், சாட்சி இல்லை.

"சுருளி, இந்த வண்டி கிரஷர் பக்கம் போயிருக்கான்னு பாத்துச் சொல்லு. போயிருந்தா இவன் உள்ள."

நாகசுப்பிரமணியன் சுருளியைப் பார்த்துக் கும்பிட்டான். "அண்ணே, நீங்கதானே புதுசு மாட்டுனீங்க. அதுக்கப்புறம் வீடு, கடை, அம்புட்டுத்தாண்ணே. வைகையைக்கூடத் தாண்டல. சொல்லுங்கண்ணே."

"புதுசு மாட்டுனது நான்தான் சார்" என்றார் சுருளி. "அதுனால இதுல என்ன மண்ணு இருந்தாலும் செவ்வாக்கிழமைக்குப் பெறகு ஏறுனதுதான்."

டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸும் கையுமாக வந்து சூழ்ந்துகொண்டார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் சுருளிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. வண்டியின் பக்க மூடியைக் கழற்றி, ஃபில்டரை உருவி, செய்தித்தாளை விரித்து, மெல்ல மூன்று தட்டுத் தட்டினார். மாவு போல வெளுத்த தூசி விழுந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"கிரஷர் தூசி சார். திருவாதவூர்ப் பக்கந்தான்."

நாகசுப்பிரமணியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சேலைக்காரன் என்று பெண் கொடுக்க வந்தவர்கள் ஆட்டுத் திருடன் என்று கேள்விப்பட்டால் தெருப்பக்கம் கூட வரமாட்டார்கள். ஐயோ, பாவம். கான்ஸ்டபிள் அவன் கையைப் பிடித்துத் தூக்கினார்.

சுருளி அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இருபது பேர் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்போது யாரால் நிறுத்த முடியும்? ஸ்க்ரூ டிரைவர் நுனியால் மடிப்பை விரித்து, அடியில் அப்பியிருந்ததைச் சுரண்டி எடுத்தார். கறுப்பாக இருந்தது.

"சார், இங்க பாருங்க. இது கரிசல் மண்ணு. டி. கல்லுப்பட்டிக் கரிசல், அடிச்சுச் சொல்றேன். அங்க ஒரு வருசம் ஓடியிருக்கு. அதுக்கு மேலதான் இந்தக் கிரஷர் தூசி. அது ஒரு மூணு மாசத்துத் தூசி இருக்கும் சார்."

கூட்டத்தில் யாரோ சபாஷ் என்றார்கள். ராஜபாண்டி மட்டும் கிட்டே வந்து குனிந்தார். செவ்வாய்க்கிழமை மாட்டிய புது ஃபில்டரையும், சுருளியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கல்லுப்பட்டியில் ஒரு வருடம், திருவாதவூரில் மூன்று மாதம் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வாய் ஓடி முடித்த பிறகுதான் சுருளிக்குக் கை செய்த வேலை ஞாபகத்துக்கு வந்தது. திங்கட்கிழமை காசு வராத வண்டியிலிருந்து கழற்றிய ஃபில்டரை வீணாக்குவானேன் என்று, காற்றடித்து, துடைத்து, அலமாரியில் வைத்தது அவர்தான்.

கான்ஸ்டபிளிடம் கையை விடச் சொன்ன ராஜபாண்டி, நிதானமாகத் தன் வண்டிக்குப் போய் அதன் பக்க மூடியைத் தட்டினார்.

"அப்ப இதுல நீ மாட்டுனது யாரோட ஃபில்டர் சுருளி?"