குரல் வெச்சாச்சு

“நான் விளையாட மாட்டேன்!”

செம்மொழி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் எறிந்தாள். அது ஒயரோடு மேசை விளிம்பில் தொங்கி ஆடியது.

 விழாப் பந்தலில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

“கண்ணு தெரியாத புள்ளைக்கு எவ்வளவு திமிரு பாத்தியா?”

“நல்லது செய்யிறவங்களுக்கு இந்தக் காலத்துல இதான் மரியாதை!”

திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளி அது. சிங்கப்பூரில் சம்பாதித்த உள்ளூர்க்காரர் கோவிந்தராசு, பள்ளிக்கு டேப்லெட்டுகளும், அவற்றில் ஒரு அறிவியல் விளையாட்டும் செய்து கொடுத்திருந்தார். கேள்வி வரும், நாலு விடை வரும், நேரம் முடிவதற்குள் சரியான விடையைத் தொட வேண்டும். அதிகப் புள்ளி எடுப்பவருக்குத் தஞ்சாவூர் மாவட்டப் போட்டியில் இடம்.

எட்டாம் வகுப்பில் அறிவியலுக்குச் செம்மொழியை விட்டால் ஆள் கிடையாது. பாடத்தை ஒரு தடவை காதால் கேட்டால் போதும் அவளுக்கு. தஞ்சாவூருக்கு நான்தான் போகப்போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது மேடையின் பெரிய திரையில் அவள் பெயருக்கு நேரே ஒரு சைபர்.

பக்கத்தில் நின்று தலைமையாசிரியர் தியாகராசன், “தட்டு, தட்டு, நேரம் போவுது!” என்று விரட்ட விரட்ட, அவளும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் தப்பு. நெல்லுக்கு என்ன வகை வேர் என்ற கேள்விக்கு அவள் ஆணிவேரைத் தொட்டபோது கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

“நாத்து பறிக்கிற ஊருல பொறந்துட்டு இதுகூடத் தெரியலையே!”

அதற்கு அடுத்த கேள்வியில்தான் ஹெட்போன் பறந்தது.

“ஏய், எடுத்து மாட்டு அத!” தியாகராசன் கத்தினார். “ஐயாகிட்ட மன்னிப்புக் கேளு!”

“சார், அதுல வந்து...”

“வாய மூடு!”

கோவிந்தராசு பெருந்தன்மையாகச் சிரித்தபடி மைக்கை வாங்கினார். போர்த்திய பொன்னாடையை இன்னும் கழற்றவில்லை.

“விடுங்க சார், சின்னப் புள்ள. கண்ணு தெரியாதவங்களும் ஆடணும்னுதான் குரல் வெச்சு, ஹெட்போனும் வாங்கிக் கொடுத்தேன். கொடுக்கத்தான் நம்மால முடியும். அறிவயும் சேத்துக் கொடுக்க முடியுமா, சொல்லுங்க?”

பலத்த கைதட்டல். இப்படி ஒரு பேச்சுக்குக் கைதட்ட நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும்?

பூர்ணிமா டீச்சருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கைதட்டியவர்கள் மேல் பாதிக் கோபம், செம்மொழி மேல் மீதிக் கோபம். மூன்று மாதமாகக் கோவிந்தராசுவின் ஆட்களுக்குப் போன் மேல் போன் போட்டது அவர்தான். “கேள்வியையும் விடையையும் வாசிக்கிற மாதிரி செய்யுங்க. விரல் எந்த விடை மேல இருக்குன்னு சொல்லணும். நேரத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க” என்று கெஞ்சாத குறை. ஒருவழியாக நேற்றுத்தான் பதில் வந்தது: “குரல் வெச்சாச்சு டீச்சர்.”

முன்னாலேயே ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றால் விட்டார்களா? விருந்தினர் கையால்தான் பெட்டியைப் பிரிக்க வேண்டுமாம். அதுவரை ஒருத்தரும் தொடக் கூடாதாம். குத்துவிளக்கு ஏற்றி, ரிப்பன் வெட்டி, மேடையில்தான் பெட்டியே திறந்தது.

பூர்ணிமா விறுவிறுவென்று மேடை ஏறினார்.

“உனக்காகத்தானேடி இத்தன நாளா அலைஞ்சேன்? இப்படியா மானத்த வாங்குவ?”

செம்மொழி அழவில்லை. அழுதிருந்தாலாவது கூட்டம் கொஞ்சம் இரங்கியிருக்கும்.

“நீங்க மாட்டிப் பாருங்க மிஸ்.”

“நான் எதுக்குடி மாட்டணும்?”

“ஒரே ஒரு தடவ மிஸ். அப்புறம் என்னை அடிங்க.”

பூர்ணிமா ஹெட்போனை வெடுக்கென்று எடுத்து மாட்டினார். அடுத்த கேள்வியைத் தொட்டார். கேட்டார். அதற்கடுத்த கேள்வியைத் தொட்டார். கேட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து, முன்வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

“என்னாங்க டீச்சர், ரிப்பேரா?” என்றார் தியாகராசன்.

“ரிப்பேரெல்லாம் இல்ல சார். குரல் நல்லா கணீர்னு இருக்கு. நான் மட்டும் கேட்டா போதுமா? எல்லாரும் கேளுங்க!”

ஒயரைப் பிடுங்கி வீசினார். கோவிந்தராசுவின் கையிலிருந்த மைக்கைக் கேட்காமலே வாங்கி, டேப்லெட்டுக்கு முன்னால் பிடித்து, அடுத்த கேள்வியைத் தொட்டார்.

நாதஸ்வரம் முழங்கியது. அதன்மேல் ஒரு ஆண் குரல்:

“இந்தக் கேள்வியை உங்களுக்கு வழங்குபவர், கல்வி வள்ளல், சிங்கப்பூர் தொழிலதிபர், ஐயா கோவிந்தராசு அவர்கள்!”

திரையில் கேள்வி வந்தது. நாலு விடைகள் வந்தன. பந்தல் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

ஒரு சத்தமும் இல்லை. நேரம் ஓடித் தீர்ந்தது. மறுபடி நாதஸ்வரம்.

“இந்தக் கேள்வியை உங்களுக்கு வழங்குபவர், கல்வி வள்ளல்...”

கோவிந்தராசு எங்கே இருக்கிறார் என்று, அவர் பேசியபோது குரல் வந்த திசையை வைத்து முன்பே தெரிந்து வைத்திருந்தாள் செம்மொழி. அந்தப் பக்கமாகத் திரும்பிக் கைகூப்பினாள்.

“மன்னிச்சிடுங்க ஐயா. ஒங்க பேரு என்னான்னு கேட்டிருந்தா, ஒண்ணு விடாம சரியா சொல்லியிருப்பேன்.”