தாரமங்கலத்துக்கு ஒரு சவாரி

சேலம் விமான நிலைய வாசலில், டிராவல்ஸ்காரர்கள் கொடுத்த ‘பிரபா’ என்ற பெயர் அட்டையோடு நின்றிருந்தார் டிரைவர் குழந்தைவேல். ஹைதராபாத் விமானத்தில் வந்த பெண் எதிரே நின்றதும், அட்டை அவர் கையிலிருந்து நழுவியது.

“தாரமங்கலம் கோயிலுக்குப் போகோணுங்க.”

“சரிங்க... முன்னாடி உக்காருங்க.”

“நான் சவாரிங்க. பின்னாடியே உக்காந்துக்கறேன்.”

வழியெல்லாம் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். கோயிலில், யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்தைக் காட்டினார். விரலால் அதை உருட்டிப் பார்த்துச் சிரித்தாள் பிரபா.

“பத்து வருசமா, வாரவங்க போறவங்களையெல்லாம் இங்க கூட்டியாரீங்க. கட்டுன பொண்டாட்டி நான் இதைப் பாக்கோணும்னா, மக ஊட்டுல இருந்து பிளேன்ல வந்து எறங்க வேண்டியிருக்குதுங்க!”