நெசமான மாத்திரை

"ஏனுங்க, மருந்தா மாவான்னே தெரியாத மாத்திரையைத் திங்கறதுக்கு யாராச்சும் மலையிறங்கிப் போவாங்களா?"

சோளக்காட்டு பஸ் நிறுத்தத்தில் காளியண்ணன் இப்படிக் கேட்டதும், பக்கத்தில் நின்ற சின்னுசாமி, காளியண்ணனின் மனைவி பாவாயியைப் பார்த்தான். அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

பாவாயிக்கு வந்திருப்பது விசித்திரமான நோய். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே எதிரியாகி ரத்தக்குழாய்களைத் தாக்குகிறது. அடி விழுவது கிட்னிக்கு. சேலத்து ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மருந்தோடு, கிட்னியைக் காப்பாற்றுமா என்று ஒரு புது மாத்திரையையும் இப்போது சோதித்துப் பார்க்கிறார்கள். சோதனையில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நெசமான மாத்திரை. மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாத்திரை.

"இவளுக்கு வெறும் மாத்திரைதான் வந்திருக்கும். வாயைத் தொறந்து கேக்கத் தெரியாதவளுக்கு வேறென்ன கெடைக்கும்?"

"அப்ப நீ போயிக் கேளேன்" என்றான் சின்னுசாமி.

"அதுக்குத்தான இதைத் தூக்கிட்டுப் போறேன்!" காளியண்ணன் கையிலிருந்த துணிப்பையைத் தட்டினான். உள்ளே பொறுக்கியெடுத்த மிளகு.

"வேண்டாமுங்க, டாக்டரம்மா கோவிச்சுக்குவாங்க" என்றாள் பாவாயி.

"பேசாம வா கண்ணு. உன் கிட்னி போச்சுன்னா இந்த மிளகை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

ஆஸ்பத்திரியில் அவளை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவன் மட்டும் உள்ளே போனான்.

"பாவாயி ஊட்டுக்காரனுங்க. இது நம்ம தோட்டத்து மிளகு. அவளுக்கு மட்டும் நெசமான மாத்திரை டப்பாவாப் பாத்து எடுத்துக் குடுங்கம்மா."

டாக்டர் அனுராதா சிரித்துவிட்டார். "எந்த டப்பாவுல எது இருக்குன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சா சோதனையே பாழாயிரும். மத்த மருந்தெல்லாம் எல்லாருக்கும் உண்டு, அதுல குறையே வெக்க மாட்டோம். முதல்ல மிளகை எடுத்துக்கிட்டுப் போங்க. போன மாசம் உங்க வீட்டம்மா என்னடான்னா, ஒரு பலாப்பழத்தைத் தூக்க மாட்டாமத் தூக்கிட்டு வந்து கெஞ்சினாங்க!"

காளியண்ணனுக்கு முகமெல்லாம் பல்.

"அட்ரா சக்கை! கேட்டுட்டாளா? பொழைச்சுக்குவா! நான்தான் அவளை வாயில்லாப் பூச்சின்னு நெனச்சுட்டேன். நெச மாத்திரையைத்தானுங்க கேட்டா?"

"ஆமா, அதைத்தான் கேட்டாங்க."

டாக்டரின் சிரிப்பு அடங்கியது. கதவுக்கு வெளியே பெஞ்சில் யாரோடோ பேசிக்கொண்டிருந்த பாவாயியை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவள் சொன்னதை அப்படியே சொன்னார்:

"'என் பக்கத்துல உக்கார்ற புள்ளைக்கு இதே நோவு. சின்னஞ்சிறுசா ரெண்டு கொழந்தைங்க வேற. வெறும் மாத்திரையை நான் தின்னுக்கறேன். என் டப்பாவுல இருக்கறது நெசமா இருந்தா, அதை அவளுக்கு மாத்திக் குடுத்துருங்கம்மா.'"