எங்கள் குடும்பத்தின் இடது கை

கண்ணாடிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, என் முகத்தை நானே வரைந்துகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் சிரிங்களேன். யாரையோ அடிக்கக் கிளம்புற மாதிரி இருக்கு," என்றாள் மனைவி, கதவில் சாய்ந்தபடி.

எங்கள் வீட்டில் யாரும் படத்தில் சிரித்தது கிடையாது.

பெயர்ப்பலகை எழுதுவது எங்கள் தொழில். மூன்று தலைமுறையாக எழுத்துதான். முகம் வரைவது ஆயுளில் ஒரே முறை. அறுபது வயது முடிந்த அன்று, கையில் தூரிகையோடு, கண்ணாடியைப் பார்த்து, சொந்த முகத்தை. தாத்தா ஆரம்பித்துவைத்த வழக்கம்.

தாத்தாவின் படம் கடையின் முன்னறையில் இருக்கிறது. முறைத்த பார்வை, முறுக்கிய மீசை, இடது கையில் தூரிகை.

அந்த இடது கைதான் எங்கள் மானம், மரியாதை எல்லாம்.

அப்பாவுக்குப் பேச்சு வருவதற்குள் தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். படத்தைப் பார்த்தே அப்பா இடது கைக்குப் பழகினார். என்னையும் பழக்கினார். நான் வலது கையை நீட்டினால் அதைத் துண்டால் முதுகுக்குப் பின்னே கட்டிவிட்டுத்தான் தூரிகையைக் கொடுப்பார். 'இடது கைக்காரர் கடை' என்று கேட்டால் சின்னக் குழந்தையும் வழி காட்டும்.

அப்படிப்பட்டவர் தன் அறுபதில் வரைந்த படத்தில் தூரிகை வலது கையில் இருந்தது.

"இடது கையாலதான்டா வரைஞ்சேன், சத்தியமா!" என்றார்.

தாத்தாவுக்குப் பக்கத்தில் இதை மாட்டினால் ஊர் சிரிக்கும் என்று நான்தான் கறாராகச் சொன்னேன். படம் பீரோவுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி போயிற்று. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார், குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சாகும்வரை அந்தச் சிரிப்பு அவ்வப்போது வரும். வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன்.

அந்தக் களங்கத்தை என் படம் துடைக்க வேண்டும்.

அதனால் இடது கையைத் தவிர வேறெதையும் நம்பவில்லை. கண்ணில் கண்டதை மயிரிழை பிசகாமல் வரைந்தேன். மூக்கு, நரைத்த புருவம், சட்டைப் பொத்தான். கடைசியாகக் கையையும் தூரிகையையும் தீட்டி முடித்தேன்.

மனைவி கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள்.

"அடக் கடவுளே! மாமா மாதிரியே நீங்களும் வலது கையில பிடிச்சிருக்கீங்க!"

"உளறாதே," என்று தூரிகையை உயர்த்திக் காட்டினேன். என் இடது கையில்தான் இருந்தது.

கண்ணாடிக்குள் இருந்த கிழவனும் உயர்த்தினான். வலது கையால்.

மறுபடி உயர்த்தினேன். அவனும் மறுபடி.

அப்பா பொய் சொல்லவில்லை.

எழுந்து பீரோவை நகர்த்தினேன். ஒட்டடையைத் துடைத்து, அப்பாவை முன்னறைக்குக் கொண்டுபோய்த் தாத்தாவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். மன்னிப்பெல்லாம் எனக்குக் கேட்க வராது. படம் ஒரு பக்கம் சாயாமல் மூன்று முறை சரிசெய்தேன்.

பிறகு தாத்தாவின் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்னங்க ஆச்சு? ஏன் இப்படி வயித்தப் பிடிச்சிட்டுச் சிரிக்கிறீங்க?" என்று மனைவி பதறினாள்.

தாத்தா படத்தின் இடது கையையும், உள்ளே இருந்த கண்ணாடியையும் மாறி மாறிக் காட்டினேன்.

என் படத்தில் கையெழுத்து மட்டும் பாக்கி இருந்தது. தூரிகையை வலது கைக்கு மாற்றிக்கொண்டு போட்டேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல் கோணிக்கொண்டு வந்தது. அழிக்கவில்லை.

தாத்தாவுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் வலது கையால் போட்ட முதல் கையெழுத்து அதுதான்.