ரெண்டு பெடல்

மூன்று பெடல் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருந்தது. டிரைவர் பக்கக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்த தம்பிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"கிளட்ச் எங்கேக்கா?"

அக்கா பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தாள். கழற்றியாச்சு, கியர்பாக்ஸையும் மாற்றியாச்சு, இனிமேல் இது ஆட்டோமேட்டிக் வண்டி என்றாள். வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல அத்தனை சாதாரணமாகச் சொன்னாள்.

வயிறு எரியாதா பின்னே? எழுபதுகளில் வந்த டட்சன் ஸ்போர்ட்ஸ் கார் அது. நீள மூக்கு, இரண்டே கதவு, இரண்டே சீட்டு. பழைய இரும்புக் கடையில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அந்தக் கூட்டை அக்காவும் தம்பியும் சேர்ந்து வாங்கி, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் கொண்டு வந்து போட்டார்கள்.

அக்கா லேத் பட்டறை வைத்திருப்பவள். துரு தின்ற தரையை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணினாள். தம்பி கார்புரேட்டர் இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பிரித்துப் போட்டுக் கழுவியதில், வீட்டில் எல்லாருக்கும் சாப்பாட்டிலேயே பெட்ரோல் வாடை. கியர்பாக்ஸுக்கு அவன் அலைந்த அலைச்சல் கொஞ்சமா? ஒருவழியாக ஒன்று கிடைத்தபோது வேன்காரரை நம்பாமல், பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

வண்டி தயாரானதும் முதலில் ஓட்டப்போவது அவன்தான். மலை ரோட்டில், ஒவ்வொரு வளைவிலும் கிளட்சை மிதித்து கியரை மாற்றிக்கொண்டு ஏற வேண்டும். இந்த ஒரு ஆசையைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி எல்லார் காதையும் புளிக்க வைத்திருந்தான். அக்காவுக்குத் தெரியாதா அது? தெருவுக்கே தெரியும்.

அப்படிப்பட்ட வண்டியை, அவன் சில மாதம் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து இப்படிக் கெடுத்து வைத்தால் அதற்கு என்ன பெயர்? கூடப் பிறந்தவள் செய்கிற வேலையா இது? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போனிலாவது சொல்லியிருக்கலாம்.

அவன் வீடு வந்து சேர்ந்ததே முந்தாநாள்தான். இன்றைக்குத்தான் ஷெட்டுப் பக்கம் வந்தான், வந்ததும் இந்தக் காட்சி. கார் கூரையை இறுகப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றான். பின்னாலேயே வந்த அம்மா ஒரு ஸ்டூலை இழுத்து அவன் பக்கத்தில் போட்டாள். உட்கார மாட்டேன் என்றான்.

மறுபடி உள்ளே குனிந்து பார்த்தான். புது கியர்பாக்ஸுக்கு இடம் போதாமல் நடுத் தகட்டை வெட்டி, வேறு தகடு வளைத்து ஒட்டியிருந்தாள். விரலால் தடவிப் பார்த்தால்கூட ஒட்டு தெரியவில்லை. வேலையில் குறை சொல்ல முடியாதது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸ்போர்ட்ஸ் காரில் ஆட்டோமேட்டிக் வைக்கிறவர்கள் மனுஷ ஜென்மமா என்று ஆரம்பித்தான். சக்கரத்தை மாற்றியிருந்தால், ஸ்டீயரிங்கை மாற்றியிருந்தால், மஞ்சள் பெயிண்டே அடித்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பானாம். விஷயம் தெரிந்த நாலு பேர் பார்த்தால் பொம்மை கார் என்று சிரிப்பார்களாம்.

அக்கா இடிச்ச புளி மாதிரி நின்றாள். தப்புதான் என்று ஒரு பேச்சுக்காவது சொல்ல வேண்டுமே, சொல்லவில்லை. பழைய கியர்பாக்ஸ் எங்கே என்று கேட்டதற்கு மட்டும், எண்ணெய் தடவி மூடி வைத்திருப்பதாகச் சொன்னாள்.

"அப்ப எடு. இப்பவே திருப்பி மாட்டு. நான் போறப்ப எல்லாம் எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்."

முடியாது என்றாள். அதோடு நிறுத்தினாளா, இனிமேல் இப்படித்தான், பழகிக்கொள் என்று வேறு சொன்னாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி ஆனது.

"எனக்குத் தெரியும்க்கா. உனக்கு கிளட்ச் விட்டு ஓட்ட வராது. வேற கார்ல எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன், ஒவ்வொரு தடவையும் வண்டி குதிச்சுக் குதிச்சு நின்னுச்சு. நான் இல்லாதப்ப நீயே ஓட்டிப் பாக்கலாம்னு ஆச வந்துருச்சு. அதான் உன் வசதிக்கு மாத்திக்கிட்டே."

போதும்டா என்றாள் அம்மா. அவன் கேட்டால்தானே? நாக்கில் நரம்பில்லாமல் பேசினான். அடுத்தவன் ஆசையில் மண்ணை அள்ளிப் போடுகிறவள் என்றான். உன்னோடு பிறந்ததற்கு வெட்கமாக இருக்கிறது என்றான். இந்த ஷெட்டில் செலவழித்த ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீண் என்றான்.

"மூணாவது பெடல் வர்ற வரைக்கும் நான் இதுல ஏற மாட்டேன். வித்துடு. இல்லன்னா நீயே வச்சு அழு."

அதுவரை எல்லாவற்றையும் மென்று விழுங்கிக்கொண்டிருந்த அக்கா, கையிலிருந்த ஸ்பேனரை ஓங்கி பானட் மேலேயே வீசினாள். அவள் நாள் முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பெயிண்டில் நீளமாகக் கீறல் விழுந்தது. கண்ணில் தண்ணீர் கட்டி நின்றது, ஆனால் கோபம் அடங்கவில்லை.

"மாட்டுறேன்டா. மிதிக்க உனக்கு இடது கால் எங்க இருக்கு?"